ஊர்ப் பொதுநிலத்தை ஊரே மீட்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

மேய்க்கால், மந்தை, களம், தோப்பு, ஊருணி, ஓடை, வண்டிப்பாதை. இவையெல்லாம் நம் ஊர்க் கிராமக் கணக்கில் இன்னும் பத்திரமாக இருக்கும். தரையில் போய்ப் பார்த்தால்தான் பாதியைக் காணோம், மீதியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். இதை மீட்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் வழக்கமாக முதலில் ஜே.சி.பி.யை வரவழைப்பார்கள். அப்புறம் மரக்கன்று நட்டு போட்டோ எடுப்பார்கள். அடுத்த சித்திரை வெயிலில் கன்றுகள் காய்ந்துவிடும், எடுத்த கருவேலம் அதே இடத்தில் திரும்ப முளைத்துவிடும்.

நிலத்தைச் சரிசெய்வது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை. இரண்டு மூன்று மழைக்காலம் தொந்தரவு செய்யாமல் விட்டாலே புல் வந்துவிடும். அந்த இரண்டு மூன்று மழைக்காலமும் தொந்தரவு செய்யாமல் இருக்க ஊர் ஒத்துக்கொள்வதுதான் கஷ்டம். அதனால் கீழே உள்ள பத்துப் படிகளில் முதல் ஐந்தும் காகித வேலை, பேச்சு வேலை. ஆறாவதில்தான் மண்வெட்டி, ஏழாவதில்தான் விதையும் கன்றும்.

உதாரணங்கள் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியான தென்மாவட்டங்களையும் கொங்கு வறட்சிப் பகுதியையும் மனதில் வைத்து எழுதியவை. டெல்டாவில் இருப்பவர்கள் மண்ணையும் மழையையும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

எதற்கு இவ்வளவு பாடு?

பொருளாதார அறிஞர் என்.எஸ். ஜோதா, தமிழ்நாடு உட்பட 7 மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் 80-க்கும் மேற்பட்ட கிராமங்களைப் பார்த்து, 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்த ஊர்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானத்தில் 14 முதல் 23 சதவீதம் வரை பொதுநிலத்திலிருந்து வந்துகொண்டிருந்தது: தீவனம், விறகு, எரு, காய்கனி, கூரைப்புல் என்று. அதே ஊர்களில் 1950-களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 30 ஆண்டுகளில் பொதுநிலப் பரப்பு 31 முதல் 55 சதவீதம் வரை சுருங்கியும் இருந்தது. 1998-இல் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு நாடு முழுக்கக் கேட்டபோது, கிராமக் குடும்பங்களில் 48 சதவீதம் பொதுநிலத்திலிருந்து ஏதாவது ஒன்றை எடுப்பதாகச் சொன்னது.

நிலமில்லாமல் பத்து ஆடு வைத்திருக்கிற குடும்பத்துக்கு மேய்க்கால்தான் தீவனக் கிடங்கு. அது போனால் முதலில் ஆட்டை விற்பார்கள், அப்புறம் பிழைப்புக்குத் திருப்பூருக்குப் பஸ் ஏறுவார்கள். நிலமும் கிணறும் வைத்திருப்பவர்களுக்கு "நமக்கென்ன" என்று தோன்றும். அவர்களிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் சுமார் ஒரு லட்சம் லிட்டர். மொட்டைத் தரையில் இதில் பெரும்பங்கு மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும். புல்லும் வரப்பும் உள்ள தரையில் கணிசமான பங்கு இறங்கும். மேட்டில் இருக்கிற மேய்க்கால் ஐம்பது ஏக்கர் என்றால், பள்ளத்தில் இருக்கிற கிணற்றுக்காரருக்கு அது என்ன என்று அவரே போட்டுப் பார்த்துக்கொள்வார்.

படி 1: கணக்கைக் கையில் எடுங்கள்

கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்க வேண்டியவை நான்கு: கிராம வரைபடம், அ-பதிவேடு, அடங்கல் (வருஷா வருஷம் எதில் என்ன வெள்ளாமை என்று எழுதும் பதிவேடு), குறிப்பிட்ட புல எண்களின் புல வரைபடம். அ-பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் பரப்பு, நஞ்சையா புஞ்சையா புறம்போக்கா, புறம்போக்கென்றால் என்ன வகை என்பது இருக்கும். தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப் பதிவுத் தளத்திலும் அ-பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். நகல் கிடைக்காமல் இழுத்தடித்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இப்போதைய பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. யு.டி.ஆர். என்று தாலுகா ஆபீஸில் சொல்வது இதைத்தான். தவறுதலாகவும், சில இடங்களில் தெரிந்தேயும், புறம்போக்கு பட்டாவாக மாறியது அந்தச் சமயத்தில்தான். அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் வாங்கிப் பக்கத்தில் வைத்து, புல எண் புல எண்ணாக ஒப்பிடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயங்கள் அங்கேதான் தெரியவரும்.

எந்த நிலம் யார் கையில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேய்க்கால், களம், சுடுகாடு, வண்டி நிற்கும் இடம், தோப்பு ஆகியவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சிக்குக் கொடுத்திருக்கிறது. ஆயக்கட்டு (பாசனம் பெறும் பரப்பு) 100 ஏக்கருக்குக் குறைவான கண்மாய்கள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. தரிசு, அனாதீனம் (உரிமையாளர் இல்லாத நிலம்) எல்லாம் வருவாய்த் துறை. காப்புக்காடு வனத் துறையுடையது, அதற்குள் அனுமதியில்லாமல் மண்வெட்டியோடு போகாதீர்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. பஞ்சமி நிலம் பொதுநிலம் அல்ல. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892 முதல் பட்டியல் சாதியினருக்கென்று ஒப்படைக்கப்பட்ட நிலங்கள் அவை. பழைய பதிவேட்டில் டி.சி. (டிப்ரெஸ்டு கிளாஸ், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்று குறிப்பு இருந்தால், அந்த நிலம் யாருக்குத் திரும்பிப் போக வேண்டுமோ அவர்களுக்குத்தான் போக வேண்டும். "ஊருக்குப் பொது" என்ற பெயரில் அதை எடுத்துக்கொள்வது இன்னொரு ஆக்கிரமிப்பு.

படி 2: யார் அந்த நிலத்தை நம்பி இருக்கிறார்கள்?

கணக்கு கைக்கு வந்ததும் நிலத்தை நடந்து பாருங்கள். கூட யாரை அழைத்துப் போகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களோடு போனால் எல்லை தெரியும். ஆடு மேய்க்கிறவர்களோடு போனால் நிலம் தெரியும். எந்த மூலையில் மழை நின்று இரண்டு நாள் தண்ணீர் கிடக்கும், எங்கே ஐப்பசியில் முதல் புல் தலைகாட்டும், பங்குனிக்கு அப்புறம் ஆடு எதைத் தின்று உயிர் பிழைக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துபடி.

பட்டியல் எழுதும்போது விட்டுப்போகிறவர்கள் எப்போதும் அதே ஆட்கள்தான். விறகு பொறுக்கப் போகிற பெண்கள். மண்பாண்டத்துக்கு மண் எடுப்பவர்கள். காலனித் தெருவில் ஆடு வளர்ப்பவர்கள். வருஷத்தில் சில மாதம் மட்டும் வெளியூரிலிருந்து மந்தையோடு வந்து வயலில் கிடை போட்டுவிட்டுப் போகிற கீதாரிகள். கடைசியில் சொன்னவர்கள் வாக்காளர் பட்டியலில் இல்லை என்பதால் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் மேய்க்காலை மூடினால் முதலில் மோதல் வருவது அவர்களோடுதான். கிடை எரு இல்லாமல் போனால் நஷ்டம் வயல்காரருக்கும் உண்டு.

சீமைக்கருவேலத்தை ஊர் முழுக்கத் திட்டலாம். ஆனால் ராமநாதபுரம் பக்கம் கரி மூட்டம் போட்டுத்தான் எத்தனையோ குடும்பங்களில் உலை வைக்கிறார்கள். அதை எடுக்கச் சொல்கிறவர், அடுத்த வருஷம் அவர்கள் எதை எரிப்பார்கள், எதில் கூலி பார்ப்பார்கள் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். படி 6-இல் இதற்கு வழி இருக்கிறது.

படி 3: அளந்து கல் நடுங்கள்

ஊராட்சித் தீர்மானத்தோடு வட்டாட்சியருக்கு மனுக் கொடுத்து, நில அளவரை வரவழைத்து எல்லையை அளக்கச் சொல்லுங்கள். அளக்கிற தேதியைப் பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லோருக்கும் எழுத்தில் தெரிவித்து, கையெழுத்து வாங்கி வையுங்கள். "எனக்குச் சொல்லவே இல்லை" என்ற ஒரு வாக்கியத்தில் பல அளவைகள் வீணாகியிருக்கின்றன. கல் நட்ட அன்றே, கல்லும் பக்கத்தில் நிரந்தரமாக இருக்கிற ஏதாவது ஒன்றும் (பனை, கிணறு, பாறை) சேர்ந்து தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஆக்கிரமிப்பைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஆக்கிரமிப்பில் இரண்டு வகை. வேறு போக்கிடம் இல்லாமல் ஓரத்தில் வீடு கட்டிக்கொண்டவர் ஒருவகை. ஏற்கெனவே இருபது ஏக்கர் வைத்துக்கொண்டு வரப்பை வருஷத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டவர் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் ஒரே நோட்டீஸ் கொடுத்தால், முதலாமவர் வீதிக்கு வருவார், இரண்டாமவர் வக்கீலோடு வருவார்.

சட்டம் ஊர்ப் பக்கம் உறுதியாகவே இருக்கிறது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் அரசு நிலத்துக்கு, 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் நீர்நிலைகளுக்கு. ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊரிடம் ஒப்படைக்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆக்கிரமித்து நெடுங்காலம் ஆகிவிட்டது, பெரிய செலவில் கட்டடம் கட்டியாகிவிட்டது என்பதெல்லாம் காரணமாகாது என்றும் சொன்னது. நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசே குத்தகை கொடுத்த இடம், பள்ளிக்கூடம், மருந்தகம் போன்றவை இருக்கிற இடம் ஆகியவற்றுக்கு விதிவிலக்கு காட்டியது. தீர்ப்பின் நகலும் அந்தப் பத்தியும் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

"நான் வருஷா வருஷம் பி-மெமோ கட்டுகிறேன்" என்று சிலர் ரசீதை நீட்டுவார்கள். பி-மெமோ என்பது ஆக்கிரமிப்பு இருக்கிறது என்று அரசு குறித்து வைத்த காகிதம். அது உரிமைப் பத்திரம் ஆகாது. மரத்துக்கான 2சி பட்டாவும் அப்படித்தான், மரத்தின் பலனுக்கு மட்டுமே அது செல்லும், தரைக்கு இல்லை.

சட்டம் கையில் இருந்தாலும் முதலில் பேசுவது நல்லது. நிற்கிற வெள்ளாமையை அறுத்துக்கொள்ள அவகாசம் கொடுங்கள். பெரிய ஆக்கிரமிப்பாளரில் ஒருவர் தானாக விட்டுக்கொடுத்தால் மற்றவர்கள் வழிக்கு வருவார்கள். ஏழையின் குடிசையில் கைவைத்து ஆரம்பித்தால், ஊர் இரண்டாகி வேலை அன்றோடு நின்றுவிடும். வீடில்லாதவர்களுக்கு மாற்றுமனை கேட்டு ஊராட்சியே மனுக் கொடுத்த பிறகு அவர்களிடம் போங்கள்.

படி 5: கிராம சபைத் தீர்மானம், குழு

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் வரம்பு உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். தலை எண்ணிக்கை குறைந்தால் பின்னால் யாராவது தீர்மானத்தையே கேள்வி கேட்பார்கள். ஆகவே ஆளைத் திரட்டுங்கள்.

"பொதுநிலத்தைப் பாதுகாப்பது என்று தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி மூடாதீர்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்:

"இவ்வூராட்சிக்கு உட்பட்ட …… கிராமம், புல எண் ……, பரப்பு …… ஹெக்டேர், அ-பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு எனப் பதிவாகியுள்ள நிலத்தை மேய்ச்சலுக்கும் மழைநீர்ச் சேமிப்புக்கும் மட்டுமே பயன்படுத்துவதென்றும், இந்நிலத்தை வேறு எப்பணிக்கும் வகைமாற்றம் செய்யவோ ஒப்படை செய்யவோ இச்சபை ஒப்புதல் அளிக்கவில்லை என்றும், நிலத்தைப் பராமரிக்கக் கீழ்க்கண்ட உறுப்பினர்களைக் கொண்ட குழுவை அமைப்பதென்றும், குழுவின் வரவுசெலவை ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிப்பதென்றும் தீர்மானிக்கப்பட்டது."

வகைமாற்றம் பற்றிய அந்த நடுவரி ஏன் என்றால், ஆக்கிரமிப்பாளரைவிடப் பெரிய ஆபத்து சில சமயம் அரசு ஆபீஸ்களிலிருந்தே வரும். "சும்மா கிடக்கிற புறம்போக்கு" என்று பஸ் ஸ்டாண்டுக்கும் குடோனுக்கும் தொழிற்பேட்டைக்கும் முதலில் விரல் நீட்டுவது மேய்க்காலை நோக்கித்தான். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.42 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர்கள் கிராம சபைகளில் அடுத்தடுத்துத் தீர்மானம் போட்டன, மக்கள் தெருவுக்கு வந்தார்கள், சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே தடுத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அது இல்லாமல் பேச்சைத் தொடங்கவே முடியாது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சியில் இருக்க வேண்டிய மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் உங்கள் ஊரில் வெறும் ஏட்டளவில் இருந்தால், இதுதான் அதற்கு உயிர் கொடுக்கிற நேரம். மேய்க்காலில் இருக்கிற புல், பூண்டு, பறவை எல்லாவற்றையும் அதில் ஏற்றுங்கள்.

குழுவில் பாதிக்குமேல் நிலத்தைத் தினமும் பயன்படுத்துகிறவர்களாக இருக்கட்டும். எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வேண்டும், பெண்கள் பெயருக்கு இல்லாமல் நிஜமாகவே வேண்டும். கூட்டத்தை எல்லோரும் தயக்கமில்லாமல் வந்து உட்காரக்கூடிய இடத்தில் வையுங்கள். சில ஊர்களில் கோயில் மண்டபம் அப்படிப்பட்ட இடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூட மரத்தடி உத்தமம்.

படி 6: கருவேலத்தை எடுப்பதும் தண்ணீரை நிறுத்துவதும்

சீமைக்கருவேலத்தை மேலோடு வெட்டினால் தூரிலிருந்து பத்துக் கிளையாக வெடிக்கும். தூரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் மண்ணில் கிடக்கிற விதைகள் அடுத்த மழையில் நாற்றங்கால் மாதிரி முளைத்து நிற்கும். அந்தக் கன்றுகள் முழங்கால் உயரம் தாண்டுமுன், மண் ஈரமாக இருக்கும்போது கையால் பிடுங்கிவிட வேண்டும். இரண்டு மூன்று பருவம் விடாமல் இதைச் செய்யாத ஊர், ஜே.சி.பி.க்குக் கொடுத்த பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஆடும் மாடும் அதன் நெற்றைத் தின்று புழுக்கையில் விதைத்துக்கொண்டே போகும் என்பதால், மீட்ட இடத்துக்குப் பக்கத்தில் காய்க்கிற மரங்களை முதலில் எடுங்கள்.

மொத்தத்தையும் ஒரே வருஷத்தில் எடுக்க வேண்டாம். நிலத்தை மூன்று நான்கு பாகமாகப் பிரித்து வருஷத்துக்கு ஒரு பாகம். விறகுக்கும் கரிக்கும் மிச்சப் பாகம் இருக்கும், வெறுந்தரை வெயிலில் கிடக்காது, குழுவுக்கும் ஒரு வருஷத் தப்பிலிருந்து அடுத்த வருஷம் கற்றுக்கொள்ள வாய்ப்பு. வெட்டிய மரத்தை வனத் துறையின் மதிப்பீடு வாங்கி, முறைப்படி ஏலம் விட்டு, ஊராட்சிக் கணக்கில் வரவு வையுங்கள். "சுத்தம் பண்ணித் தருகிறேன், மரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று வருகிற ஆள் நல்ல மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தூரை விட்டுவிட்டுப் போவார். பனையைத் தொடவே கூடாது.

மண் வேலையை மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் செய்துகொண்டு வர வேண்டும். எல்லோரும் கண்மாயைத் தூர்வாருவதில் தொடங்குகிறார்கள். மேலே மண் அரிப்பை நிறுத்தாமல் கீழே தூர்வாரினால் அது வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலையாகிவிடும்.

சமமட்டம் பார்க்கக் கருவி வாங்க வேண்டாம். ஏழடி நீளத்தில் இரண்டு கம்பு எடுத்து, மேல்நுனியைச் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவில் குறுக்குக் கம்பு ஒன்றைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கயிறு குறுக்குக் கம்பைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி, இந்தக் கால் இருந்த இடத்தில் அந்தக் காலை வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில் போடுகிற குறிதான் மட்டம். இனி சரிவில் ஒரு காலை ஊன்றி, கயிறு நடுக்குறியில் நிற்கிற வரை அடுத்த காலை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். நிற்கிற இடத்தில் ஒரு முளை. இப்படி முளை முளையாகப் போனால் கிடைக்கிற வளைந்த கோட்டில்தான் வரப்பும் குழியும் வர வேண்டும். கயிறு கட்டி நேராக வெட்டிய வரப்பு பார்க்க அழகாக இருக்கும், முதல் பெருமழையில் தாழ்ந்த பக்கம் உடைத்துக்கொண்டு போகும்.

சரிவே இல்லாத சமவெளி மேய்க்கால் என்றால் ராஜஸ்தானின் லாபோடியா ஊர் செய்ததைப் பாருங்கள். ஜெய்ப்பூர் பக்கத்து ஊர். அங்கே 'சௌக்கா' என்று சதுரச் சதுரமாகக் கரை போட்டு, ஏறக்குறைய 9 அங்குல ஆழத்துக்கு மட்டும் தோண்டுவார்கள். ஆழம் அதிகமானால் தண்ணீர் நாள்கணக்கில் நின்று புல் அழுகும். சதுரம் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் அடுத்த சதுரத்துக்குப் போய், கடைசியில் குளத்தில் விழும். நம் பக்கத்துக் களிமண்ணுக்கு ஆழத்தை இன்னும் குறைக்க வேண்டியிருக்கலாம். ஒரு மூலையில் செய்து ஒரு மழை பார்த்துவிட்டு மற்ற இடத்தில் செய்யுங்கள்.

வடகிழக்குப் பருவமழையை நம்பிய மாவட்டங்களில் மண் வேலை ஆவணிக்குள் முடிந்துவிட வேண்டும்.

படி 7: முதலில் புல், அப்புறம் மரம்

புரட்டாசியில் முதல் நல்ல மழைக்கு முன்னால் புல்விதை தூவுங்கள். வறண்ட நிலத்துக்குக் கொழுக்கட்டைப் புல்லுக்கு இணை இல்லை. கூடவே முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியைப் போட்டால் தீவனத்துக்குப் புரதம், மண்ணுக்குத் தழைச்சத்து. கரூர், காங்கேயம் பக்கம் கொறங்காடு பார்த்திருப்பீர்கள்: கீழே கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடுகள் வளர்ந்தது அந்தக் காட்டில்தான். அவை தனியார் நிலங்கள் என்றாலும், குறைந்த மழையில் புல்லும் மரமும் மாடும் சேர்ந்து பிழைக்க அதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது. முள்கம்பி வேலிக்குச் செலவழிப்பதற்குப் பதிலாகக் கிளுவைப் போத்து நட்டால் அதன் தழையும் ஆட்டுக்கு ஆகும்.

மரத்தில் வெள்வேல், உடை, உசில், வேம்பு, ஓடைக்கரையில் புங்கு, நாவல். வெள்வேலுக்கு நாற்றுப்பண்ணை கூட வேண்டாம், நெற்றைத் தின்ற ஆட்டைக் கிடை போட்ட இடத்தில் தானாக முளைக்கும். தைலமரமும் தேக்கும் வரிசையாக நட்டுவிட்டால் அது தோட்டமாகிவிடும், ஆட்டுக்கு அங்கே வேலை இல்லை. நெருக்கமாகக் கன்று நட்டுக் குறுங்காடு ஆக்குவதும் மேய்க்காலுக்குப் பொருந்தாது. திறந்த புல்வெளிக்கென்றே கவுதாரியும் காடையும் முயலும் இருக்கின்றன. ஏக்கருக்கு இருபது முப்பது மரம் நிழலுக்கும் தழைக்கும் போதும்.

படி 8: மேய்ச்சல் முறையும் காவலும்

மூடிய பாகத்தில் முதல் வருஷம் ஆடு கூடாது. தை மாதம் விதை உதிர்ந்த பிறகு அரிவாளால் அறுத்துக்கொண்டு போகலாம், வேரோடு பிடுங்கக் கூடாது. இரண்டாவது மழைக்குப் பிறகு திறந்துவிட்டு அடுத்த பாகத்தை மூடுங்கள். ஒரு குடும்பத்துக்கு இத்தனை ஆடு என்ற வரம்பை ஆடு வைத்திருப்பவர்களே பேசி முடிவு செய்யட்டும். கீதாரிகளுக்கு எந்த மாதம், எந்தப் பாதை, எத்தனை நாள் என்பதையும் எழுதி வையுங்கள்.

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் ஊரைப் பலரும் முன்மாதிரியாகச் சொல்வார்கள். 1989-இல் போபட்ராவ் பவார் தலைவரான பிறகு அங்கே திறந்த மேய்ச்சலுக்கும் மரம் வெட்டுவதற்கும் தடை போட்டார்கள், ஊர் செழித்தது, உண்மை. ஆனால் முழுத் தடை என்பது மாட்டைக் கட்டிப்போட்டுத் தீவனம் போட வசதி உள்ளவர்களுக்கு எளிது. ஆட்டை மட்டும் நம்பி இருப்பவருக்கு அது அடிவயிற்றில் அடி. என்னைக் கேட்டால், நம் ஊர்களுக்கு ஹரியானாவின் சுகோமாஜ்ரி பாடம் இன்னும் பொருத்தம். 1970-களில் அந்த மலைச்சரிவு மண் அரித்து சண்டிகரின் சுக்னா ஏரியை மூடிக்கொண்டிருந்தது. மேய்ச்சலை நிறுத்தச் சொன்னவர்கள், பதிலாகத் தடுப்பணைத் தண்ணீரில் நிலமில்லாதவர் உட்பட எல்லாக் குடும்பத்துக்கும் சம பங்கு கொடுத்தார்கள். பங்கு கிடைத்த பிறகு காவலுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

சம்பளத்துக்குக் காவல்காரர் வைக்கலாம், பணம் இருக்கிறவரை. ஒடிசாவின் வனக் கிராமங்களில் 'டெங்காபாலி' என்று ஒரு வழக்கம். காவல் தடி ஒரு வீட்டு வாசலில் சாத்தியிருந்தால் அன்றைக்குக் காடு பார்ப்பது அந்த வீட்டார் முறை. சாயங்காலம் தடியைப் பக்கத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டால் முறை மாறிவிடும். பேரேடு வேண்டாம், கூப்பிட ஆள் வேண்டாம், தடி எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

அபராதத்தைச் சின்னதாகத் தொடங்குங்கள். முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவது தடவை சிறு தொகை, அப்புறம்தான் பெரியது. பொதுவளங்களை ஊர்கள் எப்படி நிர்வகிக்கின்றன என்று ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீடித்து நின்ற இடங்களிலெல்லாம் கண்ட அம்சங்களில் இந்தப் படிப்படியான தண்டனையும் ஒன்று. அபராதப் பட்டியலில் தலைவரின் மாடும் இருந்தால், மற்றவர்கள் முணுமுணுக்காமல் கட்டுவார்கள்.

படி 9: பணம்

மண் வரப்பு, குழி, நாற்று நடவு எல்லாம் ஊரில் நூறு நாள் வேலை என்று சொல்கிற ஊரக வேலைத் திட்டத்தில் செய்யக்கூடியவை. இதன் விதிகள் மாறுவதால் ஒன்றிய அலுவலகத்தில் அப்போதைய நடைமுறையைக் கேட்டுக்கொண்டு, ஆண்டுத் திட்டப் பட்டியலில் வேலையைச் சேர்க்க வையுங்கள். பட்டியலில் இல்லாத வேலைக்குப் பணம் வராது. கன்றுகளுக்குப் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் நாற்றங்கால்கள் இருக்கின்றன. தனியார் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வந்தால் வாங்கலாம், ஆனால் என்ன நடுவது, எங்கே பெயர்ப்பலகை வைப்பது என்பதை அவர்கள் முடிவு செய்ய விடக்கூடாது. புல்லறுப்புக் கட்டணம், நெற்று ஏலம், கரி ஏலம் என்று நிலமே கொஞ்சம் கொடுக்கத் தொடங்கினால் பிடுங்கல் கூலிக்கும் வரப்புச் செப்பனிடலுக்கும் வெளியாரை எதிர்பார்க்க வேண்டியிருக்காது.

படி 10: அளவும் கோப்பும்

பலன் வருகிறதா என்று பார்க்க மூன்று அளவு போதும். பள்ளத்தில் ஒரு கிணற்றைத் தேர்ந்துகொண்டு, எப்போதும் அதிலேயே மாதம் ஒருமுறை, மோட்டார் ஓடாத காலை நேரத்தில், கயிறு விட்டு நீர்மட்டம். தை மாதம் மூடிய பாகத்திலும் மூடாத பாகத்திலும் ஒரு மீட்டர் சதுரத்தில் உள்ள புல்லை அறுத்துக் காயவைத்த எடை. பங்குனியில் ஊரில் இருக்கிற ஆடுகளின் எண்ணிக்கை, யார் வீட்டில் எத்தனை என்பதோடு. கடைசி அளவில்தான் பலன் நிலமில்லாதவர்களுக்குப் போகிறதா, ஏற்கெனவே இருப்பவர்களுக்கே போகிறதா என்பது தெரியும். மூன்றையும் கிராம சபையில் வரவுசெலவோடு சேர்த்து வாசியுங்கள்.

ஊராட்சித் தேர்தல் வந்து தலைவர் மாறினால், முந்தையவர் செய்ததைத் தொடரப் புதியவருக்கு ஆர்வம் இல்லாமல் போகலாம். புதியவர் பதவியேற்ற பிறகு வருகிற முதல் கிராம சபையிலேயே பழைய தீர்மானத்தை மறுபடி வாசித்து உறுதிசெய்யுங்கள். அ-பதிவேட்டு நகல், புல வரைபடம், அளவைப் படங்கள், தீர்மான நகல், ஏலக் கணக்கு எல்லாவற்றையும் மூன்று செட் எடுத்து, ஒன்று ஊராட்சி அலுவலகத்திலும், ஒன்று குழுவில் உள்ள ஆடு வளர்ப்போர் ஒருவர் வீட்டிலும், ஒன்று மகளிர் குழுவிடமும் இருக்கட்டும். ஸ்கேன் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள். கோப்பு கரையான் அரித்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.